தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

என்னோடு பேச்சை நிறுத்தியவளே,

நேற்று மாலை அல்மாக்ரோ டாங்கோ மண்டபத்துக்குப் போனேன். வாசலில், ஆட்களுக்கு இடம் ஒதுக்கும் எவரிஸ்தோ வழக்கம்போல் என் கையை முத்தமிட்டான். அவன் மீசை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

"வாங்க மகாராணி, இன்னிக்கு உங்களுக்குக் காத்து வர்ற இடமாப் பாத்து வச்சிருக்கேன்" என்றவன், முன்வரிசையைத் தாண்டிக் கூட்டிப்போய்த் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தான். முன்வரிசையில் நான் எப்போதும் உட்காரும் மேசையில், புதுச் செருப்பின் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத சின்னப்பெண் ஒருத்தி இருந்தாள்.

"இங்க உக்காந்தா யாரு கண்ணுக்கும் தெரியமாட்டேனே" என்றேன்.

"உங்களைத் தெரியாதவங்க யாரு இருக்கா இந்த ஊர்ல?" என்று இளித்தான்.

எதிர்வரிசை ஆண் கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால்தான் நமக்கு ஆட்டம். நேரில் வந்து கேட்பது அநாகரிகமாம். தூணைப் பார்த்து எவன் தலையசைப்பான்? ஆடுகிறவர்களின் வியர்வையும் மலிவு வாசனைத் தைலமும் வீச, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நினைவிருக்கிறதா? ஒன்பது வருடத்துக்கு முன்னால் எவரிஸ்தோ முன்வரிசையிலிருந்த உன்னை இதே தூணுக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, பின்வரிசையிலிருந்த என்னிடம், "இனிமே அது உங்க இடம்" என்றான். நாற்காலியில் உன் சூடு ஆறவில்லை. உட்கார்ந்தேன். அன்று முழுக்க ஆடினேன், சிரித்தேன், உன் பக்கம் திரும்பவில்லை. தூண் மறைக்கிறது, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன்.

தூண் மறைப்பது ஆண்கள் வரிசையை மட்டும்தான். அந்த முன்வரிசை மேசை இங்கிருந்து முழுசாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் நாற்காலியில் உட்கார்ந்தவள்