இலை சிவக்கும் வரை

1994 டிசம்பர் 11, ஞாயிறு

மாசசூசெட்ஸிலிருந்து மகன் வெங்கட்ரமணனின் உறை நேற்று வந்தது. கடிதத்தோடு ஒரு பொட்டலம், அதில் இருபத்திரண்டு விதைகள். வர்ஜீனியா க்ரீப்பர் என்ற சுவரேறும் கொடியாம். பனியிலும் சாகாதாம். அக்டோபர் வந்தால் இலை முழுவதும் சிவந்துவிடுமாம்.

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குத் தொடங்க வராது. முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த பழக்கம். ஆகவே:

1. விதையை முளைக்க வைப்பது.
2. கொல்லைச் சுவர் அடுத்த வீட்டு ஐயம்பெருமாள் பிள்ளையுடையது. அவரிடம் அனுமதி கேட்பது.
3. கொடியைச் சுவரில் ஏற்றி, இலை சிவக்கும் வரை காப்பது.
4. சிவந்த பிறகு மனைவி ராஜத்துக்குக் கண் ஆபரேஷன். அதற்கு முன் வேண்டாம்.

நான்காவதற்குக் காரணம் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு மருமகள் பிரசவத்துக்கு ராஜம் அங்கே போனாள். விமானத்துக்குப் பயந்து நான் போகவில்லை. மகன் வீட்டுச் சுவரில் இந்தக் கொடி சிவந்து நின்றபோது இவளுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. "எல்லாரும் வாயப் பொளந்துண்டு நின்னா. எனக்கு என்னமோ கலங்கலாத்தான் தெரிஞ்சது" என்றாள். கட்டைப் பிரித்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பாக இருக்க வேண்டும். புரையும் அதற்குள் நன்றாக முத்தியிருக்கும். முத்தாத புரையைத் தொடக் கூடாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

விதை முளைக்க அறுபது நாள் குளிர் வேண்டுமாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈர ஆற்று மணல் நிரப்பி, விதைகளைப் புதைத்து, பிரிட்ஜில் வைத்தேன்.

1995 ஜனவரி 19, வியாழன்

இன்று நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் ராஜம் புளியோதரை பிசைந்து போட்டாள். வாயில் வைத்ததும் நறநறவென்றது. புளிக்காய்ச்சல் என்று நினைத்து என் மணலைப் போட்டுப் பிசைந்திருக்கிறாள். இரண்டும் ஹார்லிக்ஸ் பாட்டில், இரண்டும் கறுப்பு. அவள் இன்னும் சாப்பிட உட்காரவில்லை.

"என்ன சத்தம்?" என்றாள்.

"கடலைப்பருப்பு" என்றேன்.

அந்தக் கவளத்தை விழுங்கினேன். அவள் மோர் எடுக்க உள்ளே போனதும், பாத்திரத்துச் சாதம் முழுவதையும் காகத்துக்கு என்று சொல்லிக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் துழாவினேன். ஒன்பது விதைகள் கிடைத்தன. பாட்டிலின் அடியில் நான்கு. மீதியில் ஒன்றிரண்டு என் வயிற்றில் இருக்கலாம். கிடைத்ததைக் கழுவி, புது மணலில் புதைத்து மறுபடி பிரிட்ஜில் வைத்தேன்.

மணல் எது, புளிக்காய்ச்சல் எது என்று கூடவா அவளுக்குத் தெரியவில்லை? இவ்வளவு தூரம் போய்விட்டதா?

பிப்ரவரி 9, வியாழன்

அறுபது நாள். பதின்மூன்றையும் விதைத்தேன்.

மார்ச் 4, சனி

முளைத்தது. ஒன்று.

ஜூன் 18, ஞாயிறு

நாற்று ஒரு முழம் வளர்ந்துவிட்டது. பற்றிக்கொள்ளச் சுவரைத் தேடுகிறது. இனித் தள்ளிப்போட முடியாது என்று ஐயம்பெருமாள் பிள்ளையிடம் போனேன். மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பி, நான்காவது தடவை.

"உக்காருங்க சார்வாள். என்ன செடி அது, பூக்குமா?"

"பூக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"காய்க்குமா?"

"காய்க்கும். தின்னக் கூடாது."

"அப்பொ என்னத்துக்கு அது?"

"இலை சிவக்கும்."

"செவந்து?"

"உதிர்ந்துவிடும்."

உள்பக்கம் திரும்பினார். "கோமு, சார்வாளுக்கு காப்பி கொண்டா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, "சுவரு அங்கன சும்மாத்தான நிக்கி. ஏத்திக்கிடுங்க" என்றார்.

இதற்கா ஆறு மாதம் பயந்தேன்?

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கொடியின் சுருள்களின் நுனியில் சின்னச் சின்ன வட்டங்கள் உண்டாகிச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ராஜத்தின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். "பல்லி விரலாட்டம் இருக்கு" என்றாள். இது திராட்சைக் குடும்பம், நம் பிரண்டைக்கு உறவு என்று நூலகத்துப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன்.

"அப்போ தொகையல் அரைக்கலாமோ?"

தினமும் மாலை ஐந்தரைக்கு இரண்டு செம்பு தண்ணீர். இதுவரை ஒரு நாளும் தவறவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

பச்சை.

1996 ஜனவரி 5, வெள்ளி

மார்கழியிலும் பச்சை. இங்கே குளிர் போதவில்லை போலும். நான்கு நாளாக பிரிட்ஜில் ஐஸ் கட்டி எடுத்து வேரைச் சுற்றி வைக்கிறேன். பிள்ளைவாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார்வாள், செடிக்குக் காய்ச்சலா?" என்றார். நான் அடுத்த ஐஸ் கட்டியை வைத்தேன்.

ராஜம் இப்போதெல்லாம் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறாள்.

ஜனவரி 27, சனி

நான் பென்ஷன் ஆபீசுக்குப் போயிருந்த சமயம் ராஜம் கோமுவோடு கண் டாக்டரிடம் போய்வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேற்று ராத்திரி முழுக்க வலது கண்ணில் வலியாம். அதையும் சொல்லவில்லை. டாக்டர் சுபைதா பேகம், "முத்தணும்னு காத்திருந்ததெல்லாம் அந்தக் காலம்மா. இனிமே விட்டா கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு போயிரும், அப்பறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றாராம். பிப்ரவரி பன்னிரண்டு என்று நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

நான் என்ன சொன்னேன்? கொடி இன்னும் சிவக்கவில்லையே என்றேன். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 28, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

"கொடி மேல பழியப் போடாதேள். உங்களுக்குப் பயம்" என்றாள்.

உண்மை. என் அண்ணாவுக்கு 1958இல் ஒரு முகாமில் கண் அறுத்தார்கள். கட்டைப் பிரித்தபோது, "சுப்பு, விளக்கை ஏத்தேண்டா" என்றான். அப்போது பகல் பதினோரு மணி. புரை முத்தாமல் அறுத்ததுதான் காரணம் என்று ஊரே சொன்னது. நானும் அதையே பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். அன்று விசாரித்துப் பார்த்தேனா? ஒருவரையும் கேட்கவில்லை.

"உங்க அண்ணா கண்ணு வேற, என் கண்ணு வேற. அன்னிக்கு மண்ணத் தின்னுட்டு கடலைப்பருப்புன்னேளே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேளா? தட்டத் தேய்க்கறச்சே கை சொல்லித்து. நான் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு மண்ணத் தின்னேள், சரி. இப்போ கண்ணு போனப்புறம் கொடி சிவந்தா அத யாருன்னா பாக்கறது?"

சத்தம் போடவில்லை. முருங்கைக்கீரையைத் தடவித் தடவி உருவிக்கொண்டேதான் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழுத்த இலைகளைப் பொறுக்கிப் போட்டேன். அது ஒன்றுதான் அப்போது எனக்குச் செய்யத் தெரிந்தது.

பிப்ரவரி 12, திங்கள். பாளையங்கோட்டை

உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். மகள் மஹாலக்ஷ்மி கூட நிற்கிறாள். நான் பெஞ்சில் இருக்கிறேன். காலையில் எண்ணிப் பார்த்தேன், மாத்திரைச் சீட்டு, போர்வை, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் இருக்கிறது. எதையோ மறந்தது மாதிரியும் இருக்கிறது. என்ன?

பிப்ரவரி 13, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரல்களைக் காட்டி எத்தனை என்றார். ராஜம் அதைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "பொத்தான மாத்திப் போட்டுண்டிருக்கேள்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். ஆமாம், மாற்றித்தான் போட்டிருந்தேன்.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மார்ச் 9, சனி. சிந்துபூந்துறை

அடுப்புப் புகை கூடாது, குனியக் கூடாது என்று மஹாலக்ஷ்மி வீட்டிலேயே இருந்துவிட்டு இன்று திரும்பினோம். பஸ் வண்ணாரப்பேட்டை தாண்டும்போதுதான் மறந்தது என்ன என்று தெரிந்தது. கொடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரிடமும் சொல்லவில்லை. இருபத்தேழு நாள். ஒரு சொட்டு மழையும் கிடையாது. ராஜத்திடம் சொல்லவில்லை. செத்திருக்கும், அவள் பார்ப்பதற்கு முன் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் பூட்டைத் திறந்து பையை உள்ளே வைப்பதற்குள் அவள் கறுப்புக் கண்ணாடியோடு நேரே கொல்லைக்குப் போய்விட்டாள். சுவரைத் தடவாமல் நடந்தாள்.

"ஏன்னா, இங்க வாங்கோ."

போனேன். கொடியின் கீழ்ப்பாதி மொட்டை. தரையெல்லாம் சருகு. மேல்பாதியில், வெயில் விழும் இடத்தில், இலைகள் சிவந்திருந்தன. எண்ணினேன், நாற்பத்தொன்று. சில ஓரம் கருகியவை. சிலது குங்குமச் சிவப்பு, சிலது பழைய செங்கல் நிறம்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கூடாது என்றேன், கேட்கவில்லை.

"அங்கே இருந்தது இதுதானா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும், நான்தான் பாக்கலியே. நீங்களும் வரலை."

இரண்டு பேரும் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிள்ளைவாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "வாங்க சார்வாள். கண்ணு நல்லாருக்கா தங்கச்சி? செடி வாடுதேன்னு ஒரு வாளி ஊத்தத்தான் வந்தேன். சார்வாள் அளந்துல்லா ஊத்துவாரு, நாம ஊத்திக் கெடுத்துரப்பிடாதுன்னு விட்டுட்டேன்."

ஐந்தரை ஆயிற்று. இரண்டு செம்பு தண்ணீரோடு வந்தேன். "இன்னிக்கு ஒரு நாள் ஊத்தாதேள், நாளைக்கு ஊத்திக்கலாம்" என்றாள். செம்புகளைக் கீழே வைத்தேன்.

விளக்கேற்றிய பிறகு இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று நடந்தது. இரண்டு நடந்தது. மூன்றும் நடந்தது, ஆனால் நான் காத்ததனால் அல்ல, நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணீர் நின்றதனால். நான்காவது தவறு. அது முதலாவதாக இருந்திருக்க வேண்டும்.