முதல் வரிசைக்காரி

அக்கா, நேற்று பேத்தி இங்கிலீஷ் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "போல்டுன்னா அச்சமில்லாத, அம்மாயி. இத வச்சு ஒரு வாக்கியம் எழுதணும். ஒன்னு சொல்லேன்" என்றாள். புளி உரித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. எனக்கா அந்த வார்த்தை தெரியாது?

எண்பதுகளில் எறையூர்ப் பக்கம் நாம் கரும்பு வெட்டிய காலம். தோகைக்குள் என்ன சுருண்டு கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் வரிசையில் இறங்குவதற்கு நமக்குள் முறை வைத்திருந்தோம். இன்று நீ, நாளை நான். ஒருநாள் ஆலையிலிருந்து கரும்பு பார்க்க வந்த பேண்ட்டு போட்ட சார், நீ தோகையைத் தட்டிக்கொண்டு முன்னே போவதைப் பார்த்து, "போல்டான பொம்பள" என்றார். மேஸ்திரியிடம் நீ அர்த்தம் கேட்டாய்.

"பயமே கெடையாதுன்னு அர்த்தம். இனிமே மொத வரிசை ஒனக்குத்தான்."

"பாத்தியாடி, எனக்கு இங்கிலீசுல பேரு வச்சிட்டாங்க" என்று சிரித்தாய். அன்றோடு முறை நின்றது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும்தான். உனக்குப் பேர் வந்ததில் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி.

அந்த மாசி மாதக் காலையில் தலைத்துண்டைக் கட்டியபடி என்னிடம் வந்தாய். "இன்னிக்கி ஒரு நாள் நீ முன்னால போறியாடி? மனசே சரியில்ல."

"நீதான் போல்டாச்சேக்கா" என்றேன். முதல் வரிசையில் இறங்கினாய். முறை நிற்காமல் இருந்திருந்தால் அன்று என் நாள். எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

கண்ணாடி விரியன். பஸ் போய்விட்டிருந்தது. கரும்பு வண்டியில் பாதிக் கட்டுகளைக் கீழே தள்ளிவிட்டு உன்னைக் கிடத்தினோம். மாடு, மாட்டின் நடையில்தானே போகும்? பெரம்பலூர் ரோட்டில் புளியமரம் ஒவ்வொன்றாக வந்தது, போனது. உன் கால் வீங்கிக்கொண்டே இருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

"பயமா இருக்குடி. மேஸ்திரிகிட்ட சொல்லிடாத" என்றாய். ஆஸ்பத்திரி வருவதற்குள் கை குளிர்ந்துவிட்டது.

மறுவாரம் மேஸ்திரி என்னைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னான். அரிவாளைப் போட்டுவிட்டு வந்தேன். அவன் எழவுக்கும் நான் போகவில்லை. ஆனால் அன்று காலை அந்த வார்த்தையை உன்னிடம் சொன்னது அவனில்லையே.

பேத்தி ஏதோ சிங்கத்தைப் பற்றி எழுதி முடித்துவிட்டாள். நீ பயந்ததை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, அக்கா.