கறுப்பு டின்னுக்காகப் பேசிய டீச்சருக்கு

அன்புத் தங்கச்சி கௌரி டீச்சர்,

தங்கச்சி என்று எழுதியதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஆறு வருடம் உங்களை என் காரில் ஏற்றி இறக்கினேன். ஒருநாள்கூட வாய் திறந்து அப்படிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் மட்டும் முதல் நாளிலிருந்தே என்னை "அண்ணை" என்றீர்கள். யாழ்ப்பாணத்தில் பஸ் கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்து நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அதிபர் ஹாஜியார் எங்கள் பலாபத்வல கார் ஸ்டாண்டுக்கே வந்து, "அந்தோனி நானா, டீச்சரப் பத்தி நீங்களும் எழுதித் தரணும். கௌரவமா நாலு வரி போதும்" என்றார். கௌரவமாக எழுத எனக்கு வராது, டீச்சர். நடந்ததை எழுதுகிறேன். அந்தக் கறுப்பு டின் என்ன வேலை செய்கிறது என்பதையும் எழுதுகிறேன், உங்கள் வகுப்புப் பிள்ளைகள் படிப்பார்கள் அல்லவா? பிழையிருந்தால் நீங்கள்தான் சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டும்.

சண்டைக் காலத்தில் எங்களுக்கு இருந்த பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஊரடங்கு, நாளைக்குப் பெட்ரோல் வராது என்று தினம் ஒரு வதந்தி கிளம்பும். அதனால் பெட்ரோல் செட்டுக்குப் போனால் எங்கள் ஸ்டாண்ட் ஆட்கள் யாரும் பம்ப் நின்றதும் விடமாட்டோம். பம்ப் "டக்" என்று நின்ற பிறகு ஒருவர் காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டுவார். டாங்கிக்குள் இருக்கும் காற்று குமிழ்விட்டு மேலே வரும். அந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். மறுபடி ஆட்டுவோம், மறுபடி ஊற்றுவோம். யாருடைய வண்டி எவ்வளவு கூடக் குடித்தது என்று ஸ்டாண்டில் போட்டியே நடக்கும். என் கார் இரண்டு லீட்டருக்கு மேல் குடிக்கும். அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

வஹகோட்டை கோயிலடியில் ரேடியேட்டர் கொதித்து நின்ற காலை உங்களுக்கு நினைவிருக்கும். நான் பொனட்டைத் திறந்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நீங்கள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பொனட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த படத்தை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். ஜப்பான் எழுத்துடன் குழாய்கள் போட்ட படம். நான் அந்தக் காரை வாங்கி மூன்று வருடம் ஆகியும் அப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது.

"அண்ணை, இந்தக் கறுப்பு டின் என்னெண்டு தெரியுமோ?"

பால்மா டின் அளவில், எஞ்சின் பக்கத்தில் மூலையில் இருந்தது. "அது சும்மா கெடக்குதுங்க டீச்சர். தேவையில்லாத சாமான், கழட்டி வீசிரலாம்னு கராஜ் பாஸே சொன்னாரு" என்றேன். நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். அங்கேயே நின்று முழுப் பாடமும் நடத்தினீர்கள். நான் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் பாதியைக் காதில் வாங்கவே இல்லை. கடைசியாக நீங்கள் சொன்னது மட்டும் விழுந்தது: "பம்ப் நிண்டால் விட்டிடுங்கோ. மேலை கொஞ்ச இடம் வெறுமையா இருக்க வேணும். ஆட்டி ஆட்டி நிரப்பாதையுங்கோ." சரிங்க என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினீர்கள். இரண்டு தடவையும் சரிங்க என்றேன். இருபத்தைந்து வருடம் கார் ஓட்டியவனுக்கு ஒரு சயன்ஸ் டீச்சர் பெட்ரோல் அடிக்கச் சொல்லித் தருவதா என்ற திமிர், வேறென்ன?

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. முந்திய நாள் மாலை வழக்கத்தைவிடக் கூடவே ஆட்டி நிரப்பியிருந்தேன். உங்களோடு காரில் வருகிற மற்ற இரண்டு டீச்சர்மாரும் அன்று லீவு. காரில் ஏறியதும் நீங்கள் மூக்கைச் சுளித்து, "பெற்றோல் மணக்குது அண்ணை" என்றீர்கள். "ரோட்டுலேருந்து வருதுங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன். பள்ளிக்கூடம் இருக்கிற கலேவெலவுக்கு முன்னால் இருந்த சோதனைச்சாவடியில் கண்ணாடியை இறக்கியதும் அந்த மணம் நேரே சிப்பாயின் முகத்தில் போய் அடித்தது.

அந்த நாட்களில் கேனில் பெட்ரோல் வடக்கே கொண்டுபோகிறான் என்று சந்தேகம் வந்தாலே போதும். சீட்டைக் கழற்றினார்கள், டிக்கியைக் கொட்டினார்கள். கேன் இல்லை. பொனட்டைத் திறந்தபோதுதான் மணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. மூன்று குழாய்கள் செருகிய, மூடியில்லாத, திறக்க முடியாத ஒரு கறுப்பு டின். பொறுப்பாக இருந்த அதிகாரி அதைக் காட்டி "மேக மொகத்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். என் சொந்தக் காரில் இருக்கும் சாமான். எனக்குத் தெரியவில்லை, டீச்சர். நன்றாகச் சிங்களம் பேசுகிறவன், தெரியாது என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை.

என் பயம் உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய வருடம் என் தம்பியை விசாரணைக்கென்று கொண்டுபோய் ஏழு மாதம் வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள். அவன் பெயரோடு என் பெயரும் ஏதோ ஒரு பைலில் இருந்தது. இந்த டின்னையும் சேர்த்து என்னைக் கொண்டுபோனால் நான் எப்போது வருவேன்? வீட்டில் மேரியும் மூன்று பிள்ளைகளும். துப்பாக்கி பிடித்தவர்களுக்கு நடுவில் நின்று நான் நினைத்தது அது ஒன்றைத்தான்.

நீங்கள் கதவைத் திறந்து இறங்கினீர்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிற ஒரு பெண், யாரும் கூப்பிடாமல், தானே இறங்கி வந்து சிங்களத்தில் பேச ஆரம்பித்ததை நான் இன்றைக்கும் நம்பமுடியாமல்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

பிள்ளைகளே, டீச்சர் அன்று சொன்னது இதுதான். பெட்ரோல் சும்மா இருந்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், வெயிலில் இன்னும் கூடுதலாக ஆகும். அந்த ஆவியை வெளியே விட்டால் காற்று கெடும், பெட்ரோலும் வீண். அதனால் டாங்கியை இறுக்கமாக மூடி, மேலே சேருகிற ஆவியை ஒரு குழாயால் இந்த டின்னுக்குக் கொண்டுவருகிறார்கள். டின்னுக்குள் இருப்பது கரி. சாதாரணக் கரியில்லை, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துவாரம் விழும்படி பக்குவப்படுத்திய கரி. ஆவி போய் அந்தத் துவாரங்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கார் நிற்கும்போது டின் ஆவியைப் பிடித்து வைத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது இரண்டாவது குழாயால் அதை உறிஞ்சும். மூன்றாவது வழியால் வெளிக்காற்று உள்ளே வந்து, கரியில் ஒட்டியதைக் கழற்றிக்கொண்டு போகும். எஞ்சின் அதையும் எரித்துவிடும். கரி மறுபடி வெறுமையாகி அடுத்த ஆவிக்குக் காத்திருக்கும்.

இதையெல்லாம் நீங்கள் பொனட்டுப் படத்தில் விரல் வைத்து, ஒவ்வொரு குழாயையும் தொட்டுக் காட்டிச் சொன்னீர்கள். சிப்பாய்கள் சுற்றி நின்று கேட்டார்கள். "தேங்காய்ச் சிரட்டையில்தான் இந்தக் கரி நல்லாய் வரும். எங்கட நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போகுது. குருநாகல் சிரட்டை ஜப்பானுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கோ தெரியாது" என்று நீங்கள் சிங்களத்தில் சொன்னதும் ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். அவன் ஊர் குருநாகலாம்.

அதிகாரி சிரிக்கவில்லை. கெட்டிக்கார மனிதர். "மணத்தைப் பிடித்து வைக்கிற டின் என்றால், பிறகு ஏன் மணக்கிறது?" என்று கேட்டார்.

நீங்கள் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஒரு பார்வையிலேயே உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "டாங்கி அளவுக்கு மேலே நிரம்பிவிட்டது. ஆவி போகிற குழாயில் பெட்ரோலே போய்க் கரியை நனைத்துவிட்டது. நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது" என்றீர்கள்.

"இவ்வளவு பெட்ரோல் எதற்கு? எங்கே போகத் திட்டம்?"

அதுதான் கேள்வி. யாழ்ப்பாணத்துப் பெண், தம்பி உள்ளே இருந்து வந்த டிரைவர், வாய்வரை பெட்ரோல். என்ன பதில் சொன்னாலும் வடக்கே போவதாகத்தான் முடியும். போட்டிக்காக நிரப்பினேன், ஸ்டாண்டில் பெருமை பேச நிரப்பினேன் என்று சொல்லலாம். யார் நம்புவார்கள்? நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

"நான்தான் நிரப்பச் சொன்னேன். திடீரென்று ஊரடங்கு போட்டால் கலேவெலவில் தனியே மாட்டிக்கொள்வேன் என்று பயம். டிரைவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்" என்றீர்கள்.

உங்கள் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு உங்களைச் சாவடி வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார வைத்தார்கள். என்னைப் போய் அதிபரைக் கூட்டி வரச் சொன்னார்கள். ஹாஜியார் வந்து, இவர் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று கையெழுத்துப் போட்ட பிறகு விட்டார்கள். அதுவரை மூன்று மணி நேரம் அந்த வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். காரில் ஏறியதும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் விடவில்லை.

"உங்கட தம்பியின்ர விசயம் ஏற்கெனவே எழுதிக் கிடக்கு. உங்களைப் பிடிச்சால் லேசிலை விடமாட்டினம். எனக்கு அரசாங்க உத்தியோகம், கேட்டுவர அதிபர் இருக்கிறார். அவ்வளவுதான் அண்ணை. அந்த டின்னை மாத்துங்கோ, கரி பழுதாப் போச்சு."

அதோடு முடியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத் தவணை முடியும்வரை ஒவ்வொரு காலையும் அந்தச் சாவடியில் நீங்கள் மட்டும் இறங்கி, புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். மழையிலும் இறங்கினீர்கள். காய்ச்சலோடும் ஒருநாள் இறங்கினீர்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தேன். மற்ற டீச்சர்மார், "இந்த கௌரி ஏன் தேவையில்லாம டாங்கிய நிரப்பச் சொன்னாங்க?" என்று என்னிடமே கேட்டார்கள். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. தவணை முடிந்தது, என் பிள்ளைகளுக்கு அப்பாவாக வீட்டில் இருந்தேன். மூத்தவள் படித்தாள், இளையவன் நடந்து பழகினான். எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அது முழுக்க நீங்கள் எனக்குத் தந்தது.

நன்றி என்று ஒரு சொல் சொன்னேனா? உங்களுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை நான்தான் ஓட்டினேன். வாசலில் இறக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். "கவனமாப் போங்க டீச்சர்" என்றுதான் வாயில் வரும். ஒரு மனுசனுக்கு இவ்வளவுதானா வாய்?

இப்போது சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருக்கிறது. உங்கள் அம்மா, நீங்கள் பத்து வருடமாய்ப் போய்ப் பார்க்க முடியாத அம்மா, உங்கள் முப்பத்தோராம் நாளுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். நான்தான் மாத்தளை ஸ்டாண்டில் போய்க் கூட்டி வந்தேன். காரில் ஏறிக் கொஞ்ச நேரத்தில், "கார்க்கார அண்ணை எண்டு பிள்ளை எழுதிறது உங்களைத்தானே?" என்று கேட்டார். ஆமாங்க அம்மா என்றேன்.

"தம்பி, அவள் அப்பவே எழுதினவள். தான் பயத்திலை டாங்கியை நிரப்பச் சொல்லி, தன்னாலை ஒரு அப்பாவி மனிசன் மாட்டப் பாத்தவர் எண்டு. பிள்ளைகுட்டிக்காரன் எண்டு. அவளுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன், மனசிலை வையாதையுங்கோ."

டீச்சர், காரை ஓரம் கட்டிவிட்டேன். கடிதம் வழியில் எங்கேயாவது பிரித்துப் படிக்கப்படும் என்றுதானே பெற்ற தாய்க்குக்கூட அப்படி எழுதினீர்கள்? என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் உங்கள் அம்மா! எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, டாங்கிய நெரப்புனது நாந்தாங்க. அவங்க வேணாம்னு மூணு தடவ சொன்னாங்க. என்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாங்க. நான் பாத்துக்கிட்டு சும்மா இருந்தேங்க" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா, "சின்னனிலை பொய் சொன்னால் கண்ணைச் சிமிட்டுவாள். கடிதத்திலை அது தெரியேல்லை" என்று சொல்லிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அழுது முடித்து, "எடுங்கோ தம்பி, ஐயர் பாத்துக்கொண்டிருப்பார்" என்றார்.

அம்மா உங்கள் அறையில்தான் இருக்கிறார். உங்கள் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டார். வருகிற கிழமை ஊருக்குப் போகிறார். பஸ் வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாதை திறந்தாலும் வழியெல்லாம் இன்னும் நிறுத்திக் கேட்கிறார்கள். கேட்கட்டும். எங்கே போகிறாய் என்று கேட்டால், யாழ்ப்பாணத்துக்கு, என் தங்கச்சியின் அம்மாவை வீட்டில் விடப் போகிறேன் என்பேன். பெட்ரோல் யார் அடித்தது என்று கேட்டால், நான் என்பேன். இந்தத் தடவை நானே இறங்கி நின்று சொல்வேன், டீச்சர். இது சத்தியம்.

என்றும் நன்றியோடு,
உங்கள் அண்ணன்
அந்தோனி
பலாபத்வல