கடல் லீவில் போன நாட்கள்

ஆபீஸ் கார் ஷெட்டுக்குள் காலை வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கடலில் கிடந்து அலையை அளக்கும் நம் மஞ்சள் மிதவையை, புயல் வருகிறது என்றதும் படகில் கட்டி இழுத்து, வேனில் ஏற்றி, பத்திரமாகத் தஞ்சாவூர் வரைக்கும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அடியில் ஒட்டியிருந்த பாசியும் சிப்பியும் காயத் தொடங்கி அப்படி ஒரு வீச்சம். அப்படியே நின்றபோது உன் ஞாபகம் வந்தது. கோவித்துக்கொள்ளாதே, இப்போதெல்லாம் நீ இந்த மாதிரி இடங்களில்தான் வருகிறாய்.

இதைத்தானடி நீ தலையில் அடித்துக்கொண்டு சொன்னாய். விலை உயர்ந்த கருவி, போய்விட்டால் யார் பதில் சொல்வது என்று ஆளாளுக்கு அதைக் காப்பாற்றுவார்கள். பெரிய அலை வரும் நாளில் அது கரையில் படுத்திருக்கும். பதிவில் அந்த நாட்கள் காலியாகக் கிடக்கும். முன்பின் நாட்களின் சராசரியைப் போட்டு ஓட்டையை அடைத்துவிட்டு, ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய அலை இவ்வளவுதான் என்று ரிப்போர்ட் எழுதிவிடுவார்கள். அப்படி அடைத்து வந்த ஒரு வரைபடத்தை மீட்டிங்கில் பார்த்துவிட்டு நீ அமைதியாகக் கேட்டாய்: "புயலன்னிக்குக் கடல் லீவுல போயிருந்துச்சா?" அந்த நாட்களில் அடித்த காற்றிலிருந்து அலையைக் கணக்கிட்டு நிரப்பிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாய்.

நான் திருக்காட்டுப்பள்ளிக்காரி. நீ கடலோரத்து மரைக்காயர் வீட்டுப் பெண். "ஒங்களுக்கு மேட்டூர்ல தெறந்தாத்தான் தண்ணி, எங்களுக்குக் கேக்காமலே வரும்" என்று வம்புக்கிழுப்பாய். ஒருநாள் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே நம் தொழிலை நாமே கேலி செய்தோம். அடுத்த பஸ்ஸில் யார் இறங்குவார் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியாது. முகூர்த்த நாளில் எவ்வளவு பால் வாங்கவேண்டும் என்று தெரியும். நமக்கும் அவ்வளவுதான் தெரியும், ஒற்றை அலை பிடிபடாது, கூட்டத்தின் குணம் பிடிபடும். அன்றைக்கு நீ எனக்கும் சேர்த்து பஜ்ஜி தின்றாய்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. உன் மேஜையில் கிடந்ததெல்லாம் என் தலையில் விழுந்தது. அதில் ஒன்று, ஒரு மீனவர் குப்பத்துக்கு அலைதடுப்புச் சுவர். வந்த கணக்கில் அதே ஓட்டை, அதே சராசரி. அப்படியே விட்டால் சுவர் தாழ்வாக, ஊர் நீளத்துக்கும் போகும். சரியாக நிரப்பினால் சுவர் உயரவேண்டும். ஒதுக்கிய பணத்துக்கு அது தெற்குத் தெருவுக்கு முன்னாலேயே நின்றுவிடும். அந்தம்மாதான் இழுத்தடிச்சாங்க, நீங்களுமா என்று மேலதிகாரி சலித்துக்கொண்டார். எனக்கும் சலிப்புதான். சண்டை போடுவது உன் வேலை, என்னை ஏன் மாட்டிவிட்டுப் போனாய் என்று உன்மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் தாழ்ந்த சுவரை நம்பி ஊர் மொத்தமும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுமே. நிரப்பித்தான் அனுப்பினேன். மிச்சச் சுவருக்குப் பணம் கேட்டு எழுதினேன், வரவில்லை.

உங்கள் தெருவுக்குச் சுவர் வராது என்று தெற்குத் தெருவில் நானே போய்ச் சொன்னேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா திட்டவில்லை, அழவில்லை. "அப்ப ஒங்க நம்பரக் குடுங்க. காத்து மாறுனா ஒங்களையே கேட்டுக்கறோம்" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை கூப்பிட்டார். போகவா, இருக்கவா என்று கேட்டார். கூட்டத்தின் குணம் மட்டும் தெரிந்தவளிடம் ஒற்றை அலையைக் கேட்டால் என்ன சொல்வேன்? போங்க என்றேன். பிள்ளைகளையும் நடக்க முடியாத மாமியாரையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். இரண்டு தடவையும் தெருவில் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. கணக்குப்படி நான் சொன்னது சரிதான், வராமல் போவதும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. ஈரத் தரையில் கிடந்து முதுகு பிடித்துக்கொண்டவரிடம் இதை எந்த வாயால் சொல்ல?

இன்றைக்கு அவர் கூப்பிடவே இல்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். கோபமெல்லாம் இல்லை, பாவம், குரலில் என்னைவிட அலுப்பு.

"இந்தத் தடவை இருந்து பாத்துக்கறோம்மா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க."

அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. நீயாக இருந்தால் இந்நேரம் அங்கே போய் நின்றிருப்பாய். எனக்கு முழங்கால் வலி, நேற்றிலிருந்து தலைபாரம், காற்று வேறு கிளம்பிவிட்டது. இந்தத் தடவையும் அலை வராமல் போகலாம், அந்த அக்கா என் முகத்திலேயே விழிக்காமல் போகலாம். உன் பிடிவாதத்தால் எனக்கென்று ஒரு தெரு வந்து சேர்ந்துவிட்டதடி. நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன், மாமியாரைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.