மேடையில் கைகுலுக்கல்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் வலியும் வாய்க்கொழுப்பும் குறையாத அக்கா எழுதுவது. நடுக்கடலில் உன் சமையலைச் சாப்பிட்டுவிட்டு யாரும் கப்பலிலிருந்து குதித்துவிடவில்லையே?

உன் மகளுக்கு வலது கையில் ஒரு விரல் முறிந்திருக்கிறது. பதறாமல் படி. வகுப்பில் ஒருத்தன், பழுத்த தக்காளி நிறம், அவளைக் ‘கரிச்சட்டி’ என்பான். போன வாரம் கூட்டாளிகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அவள் கன்னத்தைத் தேய்த்திருக்கிறான். நிறம் போகிறதா என்று பார்த்தானாம். தோல்தான் போனது.

இதற்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் இருவரையும் மேடையேற்றிக் கைகுலுக்க வைப்பார். எல்லோரும் கைதட்டினால் விவகாரம் முடிந்தது. அவன் குலுக்கிய குலுக்கலில்தான் விரல் போனது. கைதட்டலில் அவள் அலறியது கேட்கவே இல்லை. பெற்றவர்கள் வரிசையில் நின்று நானும்தான் தட்டினேன், அறிவுகெட்டவள்.

என்ன செய்யட்டும், சொல்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

மீன் வெட்டிய கையோடு எழுதுகிறேன், நாற்றத்தைப் பொறுத்துக்கொள். உன் கேலியை எல்லாம் உன் கடைக்கு முடிவெட்ட வருகிறவர்களிடம் வைத்துக்கொள். அந்தத் தலைமையாசிரியரிடம் போய்க் கெஞ்சாதே. அவளிடம் நான் சொன்னதாகச் சொல்: “நீ அடிச்சா எதிரி எந்திரிக்கக் கூடாது. அப்பதான் என் பொண்ணு.”

உன் தம்பி

ஏப்ரல் 6

தம்பி,

சொன்னேன்.

அவன் மறுபடி அவளைத் தள்ளிவிட, மறுபடி மேடை. கட்டுப்போட்ட கையை அவனிடம் நீட்டிவிட்டு, இடது கையிலிருந்த இரும்புத் தண்ணீர் பாட்டிலை அவன் வாயிலேயே இறக்கினாள். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து அடித்தாள். பல் உதிர்ந்து, காது கிழிந்து, மேடையெல்லாம் ரத்தம். அவன் அம்மா என் வாடிக்கைக்காரி. இனி என் கத்திரிக்கோலை நம்பித் தலை கொடுக்கமாட்டாளாம். தலைமையாசிரியர் நிதானமாகச் சொன்னார்: “உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பிறவிக்குணம்.” அன்றே அவளை நீக்கிவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது.

நேற்று வரைக்கும்.

கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் மொழி யாருக்கும் புரியாது. அந்த வீட்டுச் சின்னப் பையன் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தான். நம்மவள் அவன் பேச்சைப் பழித்துக்காட்டி, “குரங்கு” என்று சொல்லி, அவன் தலையைப் படியில் மோதியிருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடினேன். என்னைப் பார்த்த பிறகும் மோதினாள். நான் பிடித்து இழுத்ததில் என் கையையும் கடித்தாள். அவனுக்கு நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. ஒரு கண் திறக்கவில்லை.

உன்னை அவன் என்னடி செய்தான் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம். கையைக் கழுவிக்கொண்டே கேட்கிறாள்: “இதையும் அப்பாவுக்கு எழுதுவீங்கல்ல அத்தை? சந்தோஷப்படுவாரு.”

எழுதிவிட்டேன். நான் சொல்லி இனி அவள் கேட்கமாட்டாள். பதில் போடாதே. இறங்கி வா.

அக்கா