அந்த ஆள் எங்கே போகிறான்?

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. நாம் இருவரும் தங்கியிருந்த ஆவடி அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். சுவரில் மிச்சம் ஒரே ஒரு படம். கழற்றியதும், அட்டையில் நீ காய்ச்சித் தடவிய மைதாப் பசையின் புளித்த வாடை. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. வாடை போகவில்லை.

ஐரோப்பாவின் ஃபிளெமிஷ் ஓவியர் யாரோ அந்தக் காலத்தில் தீட்டிய நிலக்காட்சி. ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து நீ வெட்டியெடுத்த வண்ண அச்சு. பகலெல்லாம் ராணுவக் கொட்டகைகளுக்கு இருவரும் வரைபடம் போட்டுவிட்டு வருவோம். வந்ததும் இதன்மேலும் நான் டிரேசிங் காகிதம் விரித்துக் கோடு இழுத்தேன். முன்னால் பழுப்பு, நடுவில் பச்சை, கடைசியில் நீலம். இடப்பக்கம் இருண்ட மரம் கண்ணை உள்ளே தள்ளுகிறது. பாதை அந்த நீலத்துக்கே ஓடுகிறது. மேலே மழைமேகம். பாதையில் ஒரு ஆளும் நாயும்; முதுகு காட்டி நடக்கிறவன் ஊரைவிட்டுப் போகிறான். சோகப் படம், அவ்வளவுதான் என்றேன்.

“மச்சான், நீ படம் பாக்கல, கொட்டா கட்டிகினு கீறே,” என்று சிரித்தாய். “நாயைப் பாரு. ஊரை உட்டுப் போறவன் நாய் பின்னாடி தயங்கும். இது முன்னாடி ஓடிகினு கீது. ஊடு கிட்டக்க வந்துடுச்சி.”

“அரிசி அளவு நாய்க்கு இன்னாடா தெரியும்?”

“உனக்குத் தெரிஞ்சதவிட ஜாஸ்தி.”

பிறகு டைபாய்டு. நெமிலிச்சேரி வீட்டுக்கு உன்னை அழைத்துப்போனார்கள், அங்கேயே முடிந்துவிட்டது. போன வாரம் உன் அம்மா கேட்டார்: “காய்ச்சல்லயும் அந்தப் படத்தையே சொல்லிகினு இருந்தான், நைனா. அதுல ஒரு ஆளாமே, எங்க போறான்?” கொண்டுவந்து காட்டுகிறேன் என்று நழுவிவிட்டேன். ஆறுதலுக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. உனக்கே தெரியும்.

இன்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதை நீலத்துக்குத்தான் போகிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் மேகத்தின் அடியில், அடிவானம் நெடுக ஒரு மஞ்சள் கீற்று. இருட்டெல்லாம் அவன் முதுகுப்பக்கம், வெளிச்சம் எதிரே. அந்த நீலத்தில் வீடு இருக்கக்கூடாது என்று என் கோடு எதுவும் சொல்லவில்லை. சண்டை போட நீ இல்லாததால் உன் கட்சியையும் நானே பேசவேண்டியிருக்கிறது, மச்சான்.

இனி:

1. படத்தைத் துணியில் சுற்றுவது.
2. ரயிலுக்குக் காத்து நிற்காமல் நெமிலிச்சேரிக்கு நடப்பது.
3. அம்மா கேட்டால், “வீட்டுக்கு வருகிறான்” என்று சொல்வது. நீ சொன்னதாக அல்ல, நான் பார்த்ததாக.