என் சேலையில் நீ நின்ற படம்

என் ஆசை அண்ணே,

உன்னைக் கொன்ற படம் இன்னும் சாகவில்லை. போன வாரம்கூட கொஸ்லந்தையில் யாரோ ஒரு குரூப்பில் "பிள்ளைகள் கவனம்" என்று போட்டிருந்தார்களாம். உன்னைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது, படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நீ அதை ஒழுங்காகப் பார்த்தாயா? காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டி, என் கல்யாணச் சேலையை உடுத்துக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகள் வழியே லயம் லயமாக நீ ஆடிவந்த நாள் அது. மேல் லயத்துச் செல்வி தன் காய்ச்சல் பிள்ளையை உன் கையில் கொடுத்து, "சாமி, துன்னூறு போட்டு விடுங்க" என்றாள். கூத்து முடியும்வரை ரதி நமக்குச் சாமிதானே? உன் முகத்துச் சாயத்தைப் பார்த்துப் பிள்ளை வீறிட்டது. யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

டவுனில் பேஸ்புக் பக்கம் நடத்தும் ஒருவன் அதை எடுத்து, "பெண் வேஷத்தில் பிள்ளை பிடிப்பவன், கண்டால் விடாதீர்கள்" என்று எழுதினான். உன்னை அவனுக்குத் தெரியாது. யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை.

சேலையைத் திருப்பித் தர நீ என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாய். டவுன் முச்சந்தியில் பஸ்ஸிலிருந்து உன்னை இழுத்துப் போட்டார்கள். பையைக் கொட்டினால் சேலை, சவுரி, வளையல். வேறு சாட்சி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. முதல் குத்து வாயில் விழுந்தது. பலகையால் முதுகில் அடித்தார்கள், விழுந்த பிறகு முகத்தில் மிதித்தார்கள், கும்பிட்ட கைகளைக் கல்லால் நசுக்கினார்கள். துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஓடிவந்து உன் மேல் விழுந்து, "டேய், இது எஸ்டேட்ல கூத்தாடுற மனுசன்டா, வுடுங்கடா!" என்று கத்தினார். அவர் மண்டையையும் உடைத்தார்கள்.

அடித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த தோட்டத்து நம் ஆட்கள், அண்ணே. அவர்களும் மாசியில் காமன் கம்பம் நட்டுக் கூத்தாடுகிறவர்கள்தான். ரதியின் சேலையும் சவுரியும் அவர்களுக்குத் தெரியாதா?

உன்னைக் குளிப்பாட்டும்போது விரல்களை நேராக்க முடியவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு அதை எழுதியவனின் வாயைக் கிழிக்க ஓடினேன். வீட்டுக்காரர்தான் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார். அந்த வெறி இன்னும் அடங்கவில்லை.

வழக்கு நடக்கிறது. கருத்துச் சுதந்திரம், மக்களை எச்சரித்தார் என்கிறார் அவனுடைய வக்கீல். எனக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும். மண் சரியும் லயத்தில் எங்களை வைத்திருக்கிறார்கள் என்று அதே பக்கத்தில் அவன் எழுதிய பிறகுதானே தோட்டத்துத் துரை வந்து எட்டிப் பார்த்தார்? துரைக்கு ஆபீஸ் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். பொய்யென்றால் மறுநாளே பதில் வரும். உனக்கு என்ன இருந்தது? "நான் இல்லை" என்று சொல்ல ஒரு வாய். அதைத்தான் முதலில் உடைத்தார்கள்.

போன வாரம் உன் மூத்த மகன் போனை நீட்டினான். அந்தப் பேஸ்புக்காரனின் வீட்டைப் படம் பிடித்து, "பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போதைத் தூள் விற்பவன் வீடு" என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தான்.

"அத்தை, ஒரு வார்த்தை சொல்லுங்க, அமுக்கிர்றேன். அவனும் அடிபட்டுச் சாகட்டும்."

அமுக்கு என்றுதான் என் மனம் சொன்னது. படத்தில் வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் தங்கச்சியோ என்னவோ. முதல் கல் அவள் மேல்தான் விழும். அழிக்கச் சொன்னேன். "உங்களுக்கு ரத்தம் செத்துப்போச்சு" என்று திட்டிவிட்டுப் போனவன் இன்னும் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரியா, அண்ணே?

இப்போது அந்தப் பொய்யை எழுதியவன் சமாதானத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறான். "வருத்தம்னு ஒரு வரி போட்டுர்றாராம், கேஸை விட்டுருங்கம்மா" என்றார் வந்தவர். ஒரு வரி வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் அதே முச்சந்தியில் நிற்கட்டும். அடித்தவர்களும் கேட்க, உன் பெயரைச் சொல்லி, தான் எழுதியது பொய் என்று சொந்த வாயால் சொல்லட்டும்.

"சனம் அவரை அடிச்சே கொன்னுருமேம்மா!"

கொல்ல மாட்டார்கள் அண்ணே. நான் அவன் பக்கத்தில் நிற்பேன். அவன் பேசி முடிக்கும்வரை அவன் மேல் ஒரு கை படவிட மாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பரமேஸ்வரி